ஆடம்பரக் கார்களின் பிரேக் டிஸ்க்: தேய்மானச் சோதனையும் மாற்றமும்

பிரேக் டிஸ்க் என்பது காரின் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும், பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆன வட்டமான தட்டு. பிரேக்கை மிதித்ததும் காலிப்பர் இரண்டு பக்கமிருந்தும் பிரேக் பேடுகளை அந்தத் தட்டின்மேல் அழுத்துகிறது. அந்த உராய்வில் வண்டியின் ஓட்டம் வெப்பமாக மாறி வேகம் தணிகிறது. பேடு தேயும் என்பது கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். டிஸ்க்கும் தேயும், ஓர் அளவுக்குமேல் தேய்ந்த டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும் என்பது அந்த அளவுக்குப் பரவலாகத் தெரிவதில்லை. பேடு தேய்ந்தால் ஆடம்பரக் கார்களில் முன்பலகையில் விளக்கு எரியும். டிஸ்க் தேய்ந்ததைச் சொல்லும் விளக்கு எந்தக் காரிலும் வழக்கமாக இல்லை. அதை அளவெடுத்துத்தான் அறிய முடியும்.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களின் சாலைகளையும் தட்பவெப்பத்தையும் முன்வைத்து, டிஸ்க்கைச் சோதிக்கும் முறையையும் மாற்றும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் கார் தயாரித்த பிரெடரிக் லாஞ்செஸ்டர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் செம்பாலான பேடுகளைப் பயன்படுத்தியதால் சத்தம் அதிகமாக இருந்தது; தேய்மானமும் விரைவாக நடந்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் கார்களில் டிரம் பிரேக்கே கோலோச்சியது. 1953-ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் வென்றபோது நிலைமை மாறத் தொடங்கியது. டிரம் பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும் வேகத்திலும் டிஸ்க் பிரேக் தாக்குப்பிடித்தது. 1955-இல் வெளிவந்த சிட்ரோயன் டிஎஸ், முன்சக்கர டிஸ்க் பிரேக்கைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 1978-இல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்-கிளாஸில் வந்தது. 2001-இல் போர்ஷே 911 ஜிடி2 காரில் கார்பன் செராமிக் டிஸ்க் இடம்பெற்றது.

பிரேக் உற்பத்தியில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. டிவிஎஸ் குழுமம் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 1962-இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. 1964-இல் ரானே பிரேக் லைனிங், 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆகியவை வந்தன. 2007-இல் சென்னையை அடுத்த சிங்கப்பெருமாள் கோயில் அருகே பிஎம்டபிள்யூ தன் இந்திய ஆலையைத் திறந்தது. அப்போதிலிருந்து ஜெர்மானிய ஆடம்பரக் கார்கள் தமிழ்நாட்டிலேயே பூட்டப்பட்டு வெளிவருகின்றன.

அமைப்பு

டிஸ்க்கில் இரண்டு பகுதிகள் உண்டு. சக்கரம் பூட்டப்படும் ஹப்பின்மேல் உட்காரும் கிண்ணம் போன்ற நடுப்பகுதி ஒன்று. பேடு உரசும் வளையம் மற்றொன்று. பெரும்பாலான டிஸ்க்குகள் சாம்பல் வார்ப்பிரும்பால் ஆனவை. அந்த இரும்புக்குள் மெல்லிய செதில்களாகப் படிந்திருக்கும் கிராஃபைட் வெப்பத்தை விரைவாகக் கடத்துகிறது. அதிர்வையும் சத்தத்தையும் உள்வாங்கிக்கொள்கிறது. எஃகைவிட வார்ப்பிரும்பு இந்த வேலைக்குப் பொருந்துவதற்கு இதுவே காரணம்.

எடை மிகுந்த கார்களின் முன்சக்கரங்களில் காற்றோட்ட டிஸ்க் இருக்கும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே சிறு தடுப்புகள் வைத்து ஒரே வார்ப்பாக ஊற்றியிருப்பார்கள். சக்கரம் சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியாகத் தள்ளி அது தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. சில கார்களில் இந்தத் தடுப்புகள் வளைவாக இருக்கும். அப்போது இடப்பக்க டிஸ்க்கும் வலப்பக்க டிஸ்க்கும் வேறுவேறு. பிஎம்டபிள்யூ கார்கள் பலவற்றில் நடுப்பகுதி அலுமினியத்தாலும் உரசும் வளையம் இரும்பாலும் ஆனது. இரண்டையும் ரிவிட் அடித்து இணைத்திருப்பார்கள். எடை குறையும், சூடேறிய வளையம் விரிவதற்கு இடமும் கிடைக்கும்.

வெப்பக் கணக்கு

உராய்வைக் கொண்டு ஓட்டத்தை அடக்குவது ஸ்ரீவில்லிபுத்தூர் மக்கள் ஆண்டுதோறும் கண்ணால் காணும் காட்சி. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் ரத வீதிகளில் உருளும்போது, தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுக்கிறார்கள். தேரின் வேகத்தை மரக்கட்டை வாங்கிக்கொள்கிறது. நசுங்கித் தேய்ந்த கட்டையை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள். காரில் அந்த வேலையைப் பேடும் டிஸ்க்கும் செய்கின்றன. ஆனால் இங்கே தேய்மானம் சக்கரத்துக்குள் மறைந்து நடக்கிறது.

2,000 கிலோ எடையுள்ள ஆடம்பரக் கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 7.7 லட்சம் ஜூல். 50 கி.மீ. வேகத்தில் அது 1.9 லட்சம் ஜூல்தான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய வெப்பம் நான்கு மடங்காகிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால், இந்த ஆற்றலில் பெரும்பங்கு முன்சக்கர டிஸ்க்குகளுக்கே போகிறது. முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 10 கிலோ எடை என்று கொண்டால், 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒரே மூச்சில் நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் அவற்றின் வெப்பம் 50 டிகிரி செல்சியஸுக்குமேல் கூடும்.

டிஸ்க் தேயத் தேய அதன் இரும்பு குறைகிறது. இரும்பு குறைந்தால், அதே வெப்பம் டிஸ்க்கை இன்னும் அதிகச் சூட்டுக்கு ஏற்றுகிறது. சூடு மிகுந்தால் பேடு பிடிமானம் இழக்கிறது. டிஸ்க்கில் விரிசல் விழுகிறது. காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலும் கொதிநிலையை நெருங்குகிறது. இதைத் தவிர்க்கத்தான் தயாரிப்பாளர் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் குறைந்தபட்சத் தடிமனை வரையறுக்கிறார். டிஸ்க் எப்போது உடையும் என்று சொல்லும் எண் அன்று அது. அவசரத்தில் முழு வேகத்திலிருந்து நிறுத்தும்போது எழும் வெப்பத்தைத் தாங்க எவ்வளவு இரும்பு மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அன்றாட ஓட்டத்தில் நன்றாகப் பிடிக்கும் மெலிந்த டிஸ்க், ஒரு மலை இறக்கத்திலோ குறுக்கே ஓடிவரும் குழந்தையின் முன்போதான் தன் குறையைக் காட்டும்.

இரு ஊர்களின் சாலைகளும் பருவமும்

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து கேரளத்துக்குள் இறங்குகிறது. பன்னிரண்டு கி.மீ. அளவு இடைவெளியில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையிலான பயணத்தில் லாரி, பேருந்து, இருசக்கர வண்டி, வேகத்தடை, கடைவீதி நெரிசல் எல்லாம் உண்டு. குறைந்த வேகத்தில் அடிக்கடி பிரேக் பிடிக்கும் ஓட்டம் இது. டிஸ்க் பெரிதாகச் சூடேறுவதில்லை. தேய்வது மட்டும் தொடர்கிறது. சாலையோர மணலும் தூசியும் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே சிக்கினால், டிஸ்க்கின் முகத்தில் வட்டமான கீறல் பள்ளங்கள் விழுகின்றன.

மலைப்பயணம் இதற்கு நேர்மாறானது. இவ்வூர்க்காரர்கள் குடும்பத்தோடு செல்லும் கொடைக்கானலிலிருந்து மலையடிவாரம்வரை இறங்கும்போது வண்டி ஏறத்தாழ 1,700 மீட்டர் கீழே வருகிறது. 2,000 கிலோ கார் அந்த உயரத்தில் சேமித்து வைத்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 3.3 கோடி ஜூல். 100 கி.மீ. வேகத்திலிருந்து நாற்பது தடவைக்குமேல் முழுதாக நிறுத்துவதற்கு அது சமம். காற்றுத் தடையும் டயரின் உருளல் தடையும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியைப் பிரேக்கோ இன்ஜினோதான் ஏற்க வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினால் இன்ஜின் அந்தச் சுமையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் கார்களிலும் கையால் கியரைத் தாழ்த்தும் வசதி உண்டு. இறக்கத்தில் அதைப் பயன்படுத்த வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் விடுவது முழுச் சுமையையும் டிஸ்க்கின் தலையில் ஏற்றுகிறது.

பருவமும் டிஸ்க்கைப் பாதிக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் ஒரே இரவில் டிஸ்க்கின்மேல் செம்பழுப்புத் துரு படியும். அது இயல்பானது, காலையில் வண்டியை எடுத்து நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் போய்விடும். வண்டியை வாரக்கணக்கில் ஷெட்டில் நிறுத்தினால் கதை வேறு. துரு ஆழமாக இறங்கி டிஸ்க்கின் முகம் அரிக்கப்படும். பேடு ஒட்டியிருந்த இடத்தில் அதன் அச்சு அப்படியே பதியும். வீட்டில் பல வண்டிகள் இருந்து, பெரிய காரை விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் குடும்பங்களில் டிஸ்க் தேய்மானத்தைவிடத் துருவாலேயே விரைவில் கெடும். இத்தகைய காரை வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, பின்னால் வண்டி வராத இடத்தில் சற்று அழுத்தமாகப் பலமுறை பிரேக் பிடித்து ஓட்டுவது நல்லது.

வாட்டர் சர்வீஸ் நிலையத்திலும் கவனம் தேவை. நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியின் சூடான சக்கரத்தின்மேல் உடனே அழுத்த நீரைப் பாய்ச்சினால் டிஸ்க் சீரற்றுக் குளிர்ந்து கோணவோ விரிசல் விடவோ கூடும். அரை மணி நேரமாவது ஆறவிட்டுக் கழுவ வேண்டும்.

தேய்மானத்தின் அறிகுறிகள்

பின்வரும் அறிகுறிகளில் ஏதேனும் தென்பட்டால் சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கைப் பார்க்க வேண்டும்.

விளிம்பில் மேடு: பேடு உரசாத வெளிவிளிம்பு தேயாமல் நிற்பதால், தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் வரப்புபோல மேடு உருவாகும். மேடு கூடக் கூட டிஸ்க் தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஆனால் துருவாலும் மேடு பெரிதாகத் தெரியலாம். அதை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது.

அதிர்வு: 80 முதல் 100 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் முன் டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லாமல் இருக்கலாம். மிதி காலுக்கடியில் துடிப்பதும் இதனால் நேரலாம். அவசரமாக மிதிக்கும்போது ஏபிஎஸ் வேலை செய்வதாலும் மிதி துடிக்கும், அது கோளாறன்று.

நீலப் புள்ளிகள்: டிஸ்க்கின் முகத்தில் நீலமோ கருநீலமோ திட்டுத்திட்டாகத் தெரிந்தால், அந்த இடம் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது.

விரிசல்: மயிரிழைபோன்ற மேற்பரப்புக் கோடுகள் கடுமையாக ஓட்டப்பட்ட டிஸ்க்குகளில் தோன்றும். விளிம்புவரை நீண்ட விரிசலோ நடுக்கிண்ணத்தை எட்டிய விரிசலோ இருந்தால் அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

உரசல் சத்தம்: இரும்போடு இரும்பு தேயும் கரகரப்பு கேட்டால் பேடு முழுதும் தீர்ந்து அதன் பின்தகடு டிஸ்க்கை அரைக்கிறது. அப்போது டிஸ்க்கும் பெரும்பாலும் கெட்டிருக்கும்.

அலாய் வீலின் இடைவெளி வழியாகப் பார்த்தால் டிஸ்க்கின் வெளிமுகம் மட்டுமே தெரியும். காலிப்பரைத் தாங்கும் நகர்வுப் பின்கள் இறுகிவிட்ட வண்டிகளில் உள்முகப் பேடும் உள்முக டிஸ்க்கும் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். வெளியே பளபளப்பாகத் தெரியும் டிஸ்க்கின் உட்பக்கம் அரிக்கப்பட்டிருப்பது அடிக்கடி காணக்கூடிய நிலை.

பேடு உணரி சொல்வதும் சொல்லாததும்

ஆடம்பரக் கார்களின் பேடுக்குள் மெல்லிய மின்கம்பி கொண்ட உணரி இருக்கும். பேடு தேய்ந்து டிஸ்க் அந்தக் கம்பியைத் தொடும்போது முன்பலகையில் எச்சரிக்கை வரும். பிஎம்டபிள்யூ கார்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பேடு எத்தனை கி.மீ. தாங்கும் என்ற மதிப்பீட்டையும் காட்டுகின்றன. இந்த வசதியால் உரிமையாளர்களுக்கு ஒரு தவறான நிம்மதி உண்டாகிறது. உணரி அளப்பது பேடை மட்டும். பேடுகளை இரண்டாவது, மூன்றாவது முறை மாற்றிய வண்டியில் திரை புத்தம்புதிய கி.மீ. கணக்கைக் காட்டிக்கொண்டிருக்க, அதே பழைய டிஸ்க் எல்லைக்குக் கீழே மெலிந்து போயிருக்கலாம். ஆகவே பேடு மாற்றும் ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கை அளந்தே தீர வேண்டும்.

அளவெடுத்தல்

தரமான ஒவ்வொரு டிஸ்க்கிலும் நடுக்கிண்ணத்திலோ விளிம்பிலோ ‘மின் டிஎச்’ (MIN TH) என்ற ஆங்கில எழுத்துகளோடு குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். துரு மூடியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, புதிதாக 30 மி.மீ. தடிமன் உள்ள பிஎம்டபிள்யூ டிஸ்க்கில் 28.4 என்று இருக்கும். மொத்தமே 1.6 மி.மீ. தேய்மானம்தான், அதாவது பக்கத்துக்கு 0.8 மி.மீ. மட்டுமே அனுமதி. வெறும் கண்ணுக்கு இந்த வேறுபாடு புலப்படாது.

அளப்பதற்கு மைக்ரோமீட்டர் வேண்டும். சாதாரண வெர்னியர் காலிப்பரை விளிம்பில் வைத்தால் அதன் தாடைகள் தேயாத மேட்டின்மேல் உட்கார்ந்து, உண்மையைவிடக் கூடுதல் தடிமனைக் காட்டும். எல்லை தாண்டிய டிஸ்க் நல்லதாகத் தெரிவதற்கு இதுவே முக்கியக் காரணம். விளிம்பிலிருந்து 10 முதல் 15 மி.மீ. உள்ளே தள்ளி, சுற்றிலும் எட்டு இடங்களில் அளக்க வேண்டும். அவற்றில் மிகக் குறைந்த அளவையே டிஸ்க்கின் தடிமனாகக் கொள்ள வேண்டும். ஆழமான கீறல் பள்ளங்கள் இருந்தால் பள்ளத்தின் அடியில் அளப்பதற்குக் கூர்முனை மைக்ரோமீட்டர் உண்டு.

எட்டு அளவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடும் முக்கியம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு, அதாவது 0.02 மி.மீ. வேறுபாடே சில வண்டிகளில் ஸ்டியரிங் நடுக்கத்துக்குப் போதும். அடுத்து, டிஸ்க் சுழலும்போது பக்கவாட்டில் ஆடுகிறதா என்பதை டயல் கேஜ் கொண்டு பார்க்க வேண்டும். பல வண்டிகளில் 0.05 மி.மீ. அளவே ஏற்கத்தக்கது, துல்லியமான எல்லையை அந்தந்த மாடலின் சேவைக் கையேடு சொல்லும்.

நடுக்கம் வந்ததும் ‘டிஸ்க் பெண்டாகிவிட்டது’ என்று பட்டறைகளில் சொல்வது வழக்கம். உண்மையில் டிஸ்க் வளைவது அபூர்வம். ஆடும் டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசிச் செல்கிறது. சில ஆயிரம் கி.மீ. ஓடியபின் அந்த இடம் மெலிந்து தடிமன் சீர்கெடுகிறது. சூடான பேடு ஓரிடத்தில் நின்று தன் பொருளை டிஸ்க்கில் ஒட்டவிடுவதாலும் இதே விளைவு வரும். மலை இறங்கி வந்ததும் மிதியை அழுத்திப் பிடித்தபடி நிற்பது இதற்கு வழிவகுக்கும்.

முன்னும் பின்னும் நான்கு சக்கரங்களையும் அளக்க வேண்டும். வேகத்தைத் தானே சரிசெய்யும் குரூஸ் கண்ட்ரோல், வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு ஆகியவை பின்பிரேக்குகளை அடிக்கடி பயன்படுத்துவதால், சில புதிய மாடல்களில் பின்பக்கம் முந்தித் தேய்கிறது.

லேத் போடுவதா, மாற்றுவதா

கீறல் விழுந்த டிஸ்க்கை லேத்தில் கடைந்து சமப்படுத்துவது பழைய வழக்கம். கனமான டிஸ்க் கொண்ட வண்டிகளுக்கு அது பொருந்தியது. ஜெர்மானிய ஆடம்பரக் கார்களின் டிஸ்க்கில் மொத்தத் தேய்மான அனுமதியே ஒன்றரை முதல் இரண்டரை மி.மீ. அளவுதான். பாதி தேய்ந்த டிஸ்க்கை இரண்டு பக்கமும் கடைந்தால் பெரும்பாலும் எல்லையைத் தொட்டுவிடும். கடைந்து முடித்த பிறகும், அடுத்த பேடு தீரும்வரை தேய்வதற்கு மிச்சம் வேண்டும். அந்த மிச்சம் இல்லையென்றால் லேத் கூலி வீண்.

நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையத்தில் லேத் வேலைக்குப் பஞ்சமில்லை, 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதலாக, இயந்திரப் பராமரிப்பு இவ்வூரின் தொழிலறிவோடு கலந்தது. அந்தத் திறமையால் டிஸ்க்குக்குக் கிடைக்கும் பெரிய நன்மை கடைசலைக் காட்டிலும் அளவெடுப்பில் இருக்கிறது. மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் பிடிக்கத் தெரிந்த கை, எந்த டிஸ்க்கைக் காப்பாற்றலாம், எதைக் கழிக்க வேண்டும் என்று சரியாகச் சொல்லும்.

எல்லைக்குக் கீழே மெலிந்தது, விரிசல் விழுந்தது, முகம் துருவால் அரிக்கப்பட்டது, நீலம் பாய்ந்து நடுக்கம் தருவது ஆகிய டிஸ்க்குகளை மாற்றத்தான் வேண்டும். கார்பன் செராமிக் டிஸ்க்குகளை லேத் போடவே முடியாது. அவற்றின் தேய்மானத்தைத் தடிமனோடு, எடையிழப்பையும் மேற்பரப்பு நிலையையும் கொண்டு தயாரிப்பாளரின் முறைப்படி மதிப்பிட வேண்டும்.

பாகத் தேர்வு

ஒரு பக்க டிஸ்க் மட்டும் கெட்டிருந்தாலும் ஒரே அச்சின் இரண்டு டிஸ்க்குகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தடிமன் வேறுபட்டால் வெப்பம் வேறுபடும். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கும். பேடுகளும் புதிதாக இருக்க வேண்டும். பழைய டிஸ்க்கின் பள்ளங்களுக்கு ஏற்பத் தேய்ந்த பேடு, புதிய டிஸ்க்கில் முழுதாகப் பதியாது. பேடு உணரியையும் கூடவே வாங்கிவிட வேண்டும். ஒருமுறை எச்சரிக்கை தந்த உணரி மீண்டும் பயன்படாது.

ஒரே மாடலிலும் இன்ஜினைப் பொறுத்து டிஸ்க் அளவு மாறும். எனவே வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்தே பாகம் கேட்க வேண்டும். கார் நிறுவனத்தின் முத்திரையோடு வரும் பாகத்தைத் தவிர, அந்நிறுவனத்துக்கே பாகம் வழங்கும் உற்பத்தியாளர் தம் பெயரில் விற்கும் டிஸ்க்கும் நம்பகமானது. பெட்டியில் உற்பத்தியாளர் பெயரும், டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமனும் இல்லாத பாகத்தை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்ப்பதே உயிருக்குப் பாதுகாப்பு.

மாற்றும் முறை

இந்த வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்தான் செய்ய வேண்டும். உரிமையாளர் இதன் படிகளை அறிந்திருந்தால், எது விடுபட்டது என்று கேட்க முடியும்.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கழற்றாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார்களில் ஜாக்கி நிலையை மெனுவில் இயக்கிய பிறகே தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைக்க வேண்டும்.

பின்சக்கரத்தில் மின்சார பார்க்கிங் பிரேக் இருந்தால், ஸ்கேனர் கொண்டு அதைச் சேவை நிலைக்கு மாற்ற வேண்டும். அப்படிச் செய்யாமல், பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனைப் பலவந்தமாகத் தள்ளினால் காலிப்பரில் உள்ள மோட்டாரின் பல்சக்கரம் உடையும். 2000-களின் முற்பாதியில் வந்த மெர்சிடிஸ் இ-கிளாஸ், எஸ்எல் கார்கள் சிலவற்றில் எஸ்பிசி என்ற மின்னணுப் பிரேக் அமைப்பு உண்டு. அதைச் செயலிழக்கச் செய்யாமல் கை வைத்தால், அமைப்பு தானாக அழுத்தம் ஏற்றிப் பிஸ்டனை வெளியே தள்ளும். விரல் நசுங்கும் அபாயம் உண்டு.

காலிப்பரைக் கழற்றியபின் அதைக் குழாயில் தொங்கவிடக் கூடாது. கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டிவைக்க வேண்டும். பிடிமானச் சட்டத்தின் போல்ட்டுகளையும் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சிறு ஸ்க்ரூவையும் கழற்றினால் டிஸ்க் வெளிவரும். பின் டிஸ்க்கின் கிண்ணத்துக்குள் பார்க்கிங் பிரேக் ஷூ இருக்கும் கார்களில் முதலில் ஷூவைத் தளர்த்த வேண்டும்.

அடுத்து வருவதுதான் வேலையின் உயிர்நாடி: ஹப்பின் முகத்தைத் துருவின்றிச் சுத்தம் செய்வது. ஹப்பில் தங்கிய துருத் துணுக்கு டிஸ்க்கைச் சற்றே சாய்த்து உட்கார வைக்கும். டிஸ்க் விளிம்புக்குப் போகும்போது அந்தச் சாய்வு பெருகி ஆட்டமாகும். போட்ட அன்று எதுவும் தெரியாது. சில ஆயிரம் கி.மீ. கழித்து நடுக்கம் தொடங்கும்போது பழி புதிய டிஸ்க்கின்மேல் விழும். ஐந்து நிமிடச் சுத்தத்தில் இதைத் தவிர்க்கலாம்.

புதிய டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். சாம்பல் நிறப் பாதுகாப்புப் பூச்சு உள்ள டிஸ்க்கானால் அதைச் சுரண்டத் தேவையில்லை. பேடே அதைத் தேய்த்தெடுக்கும். டிஸ்க்கைப் பொருத்தியதும் டயல் கேஜால் ஆட்டத்தை அளக்க வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே தொட்டியில் பிரேக் ஆயில் வழிகிறதா என்று பார்க்க வேண்டும். அது பெயின்டை அரிக்கும். நகர்வுப் பின்களைச் சுத்தம் செய்து, உரிய கிரீஸ் இட வேண்டும். தயாரிப்பாளர் புதிய போல்ட் கேட்கும் இடத்தில் பழையதைப் போடக் கூடாது.

சக்கர போல்ட்டுகளை இறுதியாக டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். மாடலைப் பொறுத்து 120 முதல் 160 நியூட்டன் மீட்டர்வரை அளவு மாறும். காற்றுத் துப்பாக்கியால் ஏனோதானோவென்று இறுக்குவது டிஸ்க்கைச் சீரற்று அழுத்தி ஆட்டத்துக்கு வழி செய்யும்.

வண்டியைத் தரையிறக்கியதும், நகர்த்துமுன் பிரேக் மிதியைப் பலமுறை அழுத்திக் கெட்டிப்படுத்த வேண்டும். இதை மறந்தால் முதல் மிதிப்பில் மிதி தரைவரை போகும்; வண்டி நிற்காது.

பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரமாகத் துடைப்பதோ பிரேக் கிளீனரால் கழுவுவதோதான் நுரையீரலுக்கு நல்லது.

பதப்படுத்துதல்

புதிய டிஸ்க்கும் புதிய பேடும் முழுப் பரப்பிலும் பொருந்துவதற்குச் சிறிது ஓட்டம் வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 கி.மீ.வரை மிதமாகக் குறைத்து, இடையில் ஆறவிட்டுப் பத்து தடவை செய்வது பொதுவான முறை. முழுதாக நிறுத்திப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. முதல் 300 கி.மீ. அளவுக்குத் தேவையின்றிக் கடுமையான பிரேக்கைத் தவிர்க்க வேண்டும். ஆபத்து நேர்ந்தால் தயங்காமல் முழுதாக மிதிக்கலாம். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ டிஸ்க் மாற்றிய கையோடு கொடைக்கானலுக்கோ குமுளிக்கோ புறப்படுவது நல்லதன்று. உள்ளூர் ஓட்டத்தில் பதம் பிடித்த பிறகே மலையேற வேண்டும்.

பிரேக் ஆயில்

டிஸ்க் மாற்றும்போது பிரேக் ஆயிலின் வயதையும் பார்க்க வேண்டும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. தரநிலை குறிப்பிடும் அளவு ஈரம் ஏறியபின் கொதிநிலை 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், மிதி அழுத்தம் காலிப்பரை எட்டாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பெரும்பாலான தயாரிப்பாளர்களின் பரிந்துரை.

அளவுப் பதிவு

டிஸ்க் பராமரிப்பில் செலவில்லாத, பயன் மிகுந்த பழக்கம் அளவை எழுதிவைப்பது. சர்வீஸ் பில்லில் நான்கு டிஸ்க்குகளின் தடிமனையும் அன்றைய கி.மீ. எண்ணையும் குறிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். புதிதாக 30 மி.மீ. இருந்த டிஸ்க் 30,000 கி.மீ. ஓட்டத்தில் 29.2 ஆகியிருந்தால், 28.4 எல்லைக்குப் பாதி வழி வந்திருக்கிறது. அதே ஓட்டத்தில் இன்னும் ஏறத்தாழ 30,000 கி.மீ. தாங்கும். இடப்பக்கம் 29.2, வலப்பக்கம் 28.8 என்று வந்தால் வலப்பக்கக் காலிப்பர் இறுகியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். மதுரை போன்ற பெருநகரத்துச் சேவை மையத்துக்கு வண்டியை எடுத்துச் செல்பவர்களுக்கு, பாகத்தை முன்கூட்டியே சொல்லிவைத்து ஒரே பயணத்தில் வேலையை முடிக்கவும் இந்தக் கணக்கு உதவும். பழைய ஆடம்பரக் கார் வாங்குவோர் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய தாள்களில் இதுவும் ஒன்று. அது இல்லையென்றால், விலை பேசுமுன் சக்கரத்தைக் கழற்றி மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.